பொன்னான நேரத்துக்கு நன்றி

நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, கழுத்தில் தொங்கும் விசிட்டர் அட்டையை செக்யூரிட்டியிடம் திருப்பிக் கொடுப்பது. அடுத்தது, உள்ளே போகும்போது கைப்பேசி கேமரா மேல் அவர் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுவது. அதற்கடுத்து வீட்டுக்கு போன்.

“எப்படிடா பண்ணியிருக்க?”

“நல்லாத்தான் பண்ணியிருக்கேன்மா. சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.”

“எப்ப சொல்வாங்களாம்?”

“சொல்வாங்கம்மா.”

இதுவரை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். இதன் பிறகு சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கி, மிளகாய் பஜ்ஜி சொல்லிவிட்டு, உள்ளே தெரியாமல் விழித்த கேள்விக்கெல்லாம் கூகுளில் விடை தேடுகிறார்களே, அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அந்த நேரத்தில் மனதுக்குள் ஓடியிருக்க வேண்டியது நன்றிக் கடிதத்தின் முதல் வரி. உங்களோடு அன்று வந்த ஆறு பேரில் ஒருவராவது அதை எழுதியிருப்பார். ஆறு பேரும் எழுதும் காலம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அப்போது வேறு கையேடு வரும்.

முதலில் நேரக் கணக்கு. நேர்காணல் முடிந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பது சாத்திரம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினால் வேறு நாதியில்லாதவர் என்று தெரிந்துவிடும். பேனல் இன்னும் அதே அறையில் உட்கார்ந்து உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்றுகொண்டிருக்கும். ஒரு நாள் தாண்டினால் திமிர் பிடித்தவர். வெள்ளிக்கிழமை மாலை நேர்காணல் நடந்தால் சனி, ஞாயிறு கணக்கில் வருமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரவு 11.40க்கு அனுப்பினால், ‘இந்தப் பையன் ராத்திரியும் கண் முழிச்சு வேலை பார்ப்பான்’ என்று மேனேஜர் மனம் குளிர வாய்ப்பிருக்கிறது. அப்படி மனம் குளிரும் மேனேஜரிடம் வேலைக்குப் போகலாமா என்பதை உங்கள் குலதெய்வத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பிறந்தநாளுக்கு யாராவது ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தால், குழந்தையை உட்காரவைத்து நன்றி அட்டை எழுதவைப்பார்கள். எமிலி போஸ்ட் என்ற அம்மையார் 1922இல் நடத்தை நாகரிகத்துக்கென்றே ஒரு தடிமனான புத்தகம் போட்டார். யாருக்கு, எப்போது, எப்படிக் கடிதம் எழுதுவது என்பதெல்லாம் அதில் உண்டு. பொம்மைக்கு எழுதிப் பழகிய கை வேலைக்கும் எழுதியது. 2019இல் பிசினஸ் இன்சைடர் நடத்தும் நிறுவனத்தில் ஆசிரியர் பொறுப்பிலிருந்த ஜெசிகா லீப்மன், நேர்காணலுக்கு வந்துபோனவர் நன்றி மின்னஞ்சல் அனுப்பவில்லையென்றால் அவரை வேலைக்கு எடுப்பதில்லை என்ற தன் கொள்கையை வெளிப்படையாகவே எழுதினார். ட்விட்டரில் பெரிய ரகளை. யாரும் சொல்லித்தராத ஒரு விதியை வைத்துக்கொண்டு ஆளை வடிகட்டுவது என்ன நியாயம் என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டது சரியான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. அண்ணன் நியூ ஜெர்சியில் இருக்கும் பையனுக்கு இந்த விதி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடும். அரூரிலிருந்து வீட்டின் முதல் பட்டதாரியாகக் கிளம்பி வருபவளுக்கு, நேர்காணல் முடிந்தபின் பேனலைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. அவள் மரியாதையாகச் சும்மா இருப்பாள். அது அவள் கணக்கில் கழிக்கப்படும். ஆனால் இது கையேடு. நியாயம் பேசுகிற இடமில்லை. பேசினால் உங்களுக்கு வேலை கிடைக்காது. மேலே போவோம்.

நம் பக்கத்துச் சங்கடம் வேறு. தமிழ் வீட்டில் சொந்த மனுஷருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சாப்பாடு போட்ட அம்மாவிடம் ‘தேங்க்ஸ்மா’ என்று சொல்லிப் பாருங்கள். ஏன் இவன் இப்படிப் பேசுகிறான், வெளியூர் போகப்போகிறானா, உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள். அப்படி வளர்ந்தவர்கள், வாழ்நாளில் முன்பின் பார்த்திராத மூன்று பேருக்கு, அதுவும் தங்களை முக்கால் மணி நேரம் வாட்டி எடுத்த மூன்று பேருக்கு, ஆங்கிலத்தில் உருக வேண்டியிருக்கிறது. நமக்கு முறையாகக் கற்றுத்தந்த ஒரே ஆங்கிலக் கடிதம் பள்ளிக்கூட லீவ் லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்காமல் நம்மால் எதையும் தொடங்க முடிவதில்லை. நன்றிக் கடிதத்தின் முதல் வரியில் கை நிற்கும்போது அந்தக் காய்ச்சல் வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கும். விரட்டிவிடுங்கள். பேனலுக்குக் காய்ச்சல் பிடிக்காது. ஏற்கெனவே ஒருவர் மெடிக்கல் லீவில் இருப்பதால்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இரண்டாவது ஆபத்து, மாமா. எல்லாக் குடும்பத்திலும் கலெக்டர் ஆபீஸில் சூப்பரின்டென்டன்டாக ஓய்வுபெற்ற ஒரு மாமா இருப்பார். டிராஃப்ட் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடிதத்தை அவரிடம் காட்டினீர்களோ, ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ இரண்டும் மேலே வந்து உட்கார்ந்துவிடும். ‘பொருள்: நேர்காணல் - நன்றி தெரிவித்தல் - தொடர்பாக’ என்று ஒரு வரி. ‘பார்வை: 1. தங்கள் மின்னஞ்சல் நாள்... 2. நேரில் நடைபெற்ற கலந்துரையாடல் நாள்...’ என்று இரண்டு வரி. “ஈமெயில்ல அனுப்பினா ஆதாரம் ஏதுடா? அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வச்சு ரிஜிஸ்டர் போஸ்ட்ல போடு” என்பார். ரிஜிஸ்டர் போஸ்ட்டையே 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்ற செய்தியை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். வயதானவர்.

மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. வேலை கொடுக்கிறவருக்கு எழுதும் கடிதம் என்றாலே அது மனுதான் என்பது நூறு வருஷத்துக்கு மேலாக நம் கையில் ஊறிய பழக்கம். 1912 பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் முகவரியிலிருந்து ஓர் இளைஞர் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டின் தலைமைக் கணக்கருக்கு ஒரு கிளார்க் வேலை கேட்டு எழுதினார். அந்தக் காலத்து வழக்கப்படி பணிந்து, கெஞ்சி, இறைஞ்சி எழுதும் ஆங்கிலம். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம். மார்ச் 1ஆம் தேதி வேலை கிடைத்தது, மாதம் முப்பது ரூபாய்க்கு. எழுதியவர் சீனிவாச ராமானுஜன். கணிதத்தில் பொழுதைச் செலவிட்டுவருவதாக அந்த விண்ணப்பத்தில் அடக்கமாக ஒரு இடத்தில் சொல்லிக்கொள்கிறார். அவரே அப்படி எழுத வேண்டியிருந்தது என்றால், ஸ்ட்ரிங்கை ரிவர்ஸ் பண்ணத் தெரிந்த நாம் எவ்வளவு குனிய வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் நன்றிக் கடிதத்தில் நன்றி கிடையாது. ‘என்னை மறந்துவிடாதீர்கள் ஐயா’ என்பதற்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அனுப்புகிறோம், அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் எழுதுவது சுலபம்.

ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டு மனுவை மட்டும் பார்க்கிற இடம் ஒன்று உண்டு: அரசாங்கம். அரசு வேலைக்கு நேர்காணல் போய்விட்டு வந்து இந்தக் கையேட்டைப் பின்பற்றினால் நான் பொறுப்பில்லை. ஆதரவு திரட்ட எந்த வழியில் முயன்றாலும் தகுதி இழப்பு என்று தேர்வு அறிவிப்புகளிலேயே அச்சடித்திருப்பார்கள். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண். அதில் நேர்காணலுக்கு 275. அந்த 275ஐக் கையில் வைத்திருக்கும் உறுப்பினருக்கு ‘தங்களைச் சந்தித்தது இனிய அனுபவம்’ என்று எழுதினால், அடுத்த சந்திப்பு விசாரணையாக இருக்கும். மத்திய அரசின் ‘சி’ பிரிவு, அரசிதழ்ப் பதிவு பெறாத ‘பி’ பிரிவு வேலைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். சிபாரிசு ஒழியட்டும் என்று செய்தது. நன்றிக் கடிதம் எழுதும் கலையும் அதோடு அங்கே ஒழிந்தது. ஆக, நாம் தனியார் பக்கமே நிற்போம்.

யாருக்கு எழுதுவது? இதில்தான் பாதிப் பேர் விழுவார்கள். பேனலில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பெயரைச் சொன்னார், உங்கள் இதயம் அடித்த சத்தத்தில் கேட்கவில்லை. ஒருவர் சொல்லவில்லை. மூன்றாமவர் பெயர் செந்தில்குமார். நல்லது, செந்தில்குமாரிலிருந்து தொடங்குவோம். நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி எல்லாம் முதல் பெயர், புள்ளி, கடைசிப் பெயர் என்ற வார்ப்பில் இருக்கும். தமிழர்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான். எனவே அவர் செந்தில்குமார் புள்ளி எஸ். அந்த நிறுவனத்தில் செந்தில்குமார் எஸ்-கள் முப்பது பேராவது இருப்பார்கள். ஆகவே உங்கள் ஆள் எஸ்12 ஆக இருக்கலாம், எஸ்31 ஆகவும் இருக்கலாம். சிலருக்கு செந்திலுக்கும் குமாருக்கும் நடுவே இடைவெளி விழுந்து, குமாரே குடும்பப் பெயராகியிருக்கும். சிலர் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததால் அப்பா பெயர் கடைசிக்கு வந்திருக்கும். அமெரிக்க கிளையன்ட் தினமும் காலையில் ‘டியர் பொன்னுசாமி’ என்று விளித்து எழுதிக்கொண்டிருப்பார். பொன்னுசாமியோ ஆத்தூரில் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்.

லிங்க்ட்இன்னில் தேடலாம். ஆனால் நீங்கள் அவருடைய பக்கத்தை எட்டிப் பார்த்ததை அது அவரிடமே போட்டுக்கொடுத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு இரவில் ஏழு செந்தில்குமார்களை எட்டிப் பார்த்தால் ஏழு பேரும் மறுநாள் உங்களை எட்டிப் பார்ப்பார்கள். தவறான செந்தில்குமாருக்குக் கடிதம் போய், அவர், “நான் அவர் இல்லீங்க, ஆனா ஜாவா தெரியுமா?” என்று கேட்டு வேலை போட்டுக்கொடுத்த கதை ஒன்று ஓ.எம்.ஆரில் உலவுகிறது. நான் நம்பவில்லை. ஆனால் முப்பது பேருக்கும் அனுப்பிப் பார்க்கும் எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும் என்று தெரியும். வேண்டாம்.

எச்.ஆருக்கே அனுப்பி, ‘பேனலுக்கும் என் நன்றியைத் தெரிவியுங்கள்’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பான வழி. அவர் தெரிவிக்க மாட்டார். பரவாயில்லை.

விளிப்பு. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்றால் கிராமம். ‘ஹாய் செந்தில்’ என்றால், உள்ளே போனபின் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்றாலும், இப்போதே கூப்பிட்டால் கொழுப்பு. ஐம்பது வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் உரிமை. ‘டியர் செந்தில்குமார் சார்’ என்பது இலக்கணப்படி எந்த ஊரிலும் செல்லாது, சென்னையில் செல்லும். அதையே எழுதுங்கள். எச்.ஆர். பெண்ணாக இருந்தால் ‘டியர்’ இருக்கும் திரையை வீட்டில் பாட்டி பார்க்காமல் மூடி வையுங்கள்.

இனி உள்ளடக்கம். நேர்காணலில் நடந்த குறிப்பான ஒன்றைச் சொல்லி நன்றி கூற வேண்டும், அப்போதுதான் உங்கள் முகம் அவர்களுக்கு நினைவு வரும் என்று எல்லா வல்லுநர்களும் சொல்கிறார்கள். சரியான யோசனை. அதற்கு முதலில் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒன்று:

‘பேனல் அவர்களுக்கு. காலை 9.30க்கு வரச்சொல்லி 12.15க்கு அழைத்ததற்கு நன்றி. அந்த இடைவெளியில் ரிசப்ஷனில் கிடந்த உங்கள் ஆண்டறிக்கையை இரண்டு தடவை படித்தேன். உங்கள் இயக்குநர்கள் ஒவ்வொருவரின் சம்பளமும் எனக்குத் தெரியும். எனக்கு எவ்வளவு தருவீர்கள் என்பது மட்டும்தான் தெரியவில்லை. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறந்ததும் என் ரெஸ்யூமேயை முதல் தடவையாகப் புரட்டத் தொடங்கிய இடப்பக்கத்து சாருக்கு நன்றி. அதில் இருப்பதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் என்னைவிட இரண்டு வரி பின்னால் இருந்தீர்கள். மேடம், ஸ்ட்ரிங்கை ரிவர்ஸ் பண்ணும் புரோகிராமைப் பேப்பரில் எழுதச் சொன்னீர்கள். நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் எந்த கிளையன்டும் எதையும் தலைகீழாக்கித் தரச் சொன்னதில்லை. தலைகீழாகக் கிடப்பதை நிமிர்த்தித் தரத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு நான் சொன்னது பொய். வீட்டுக் கடன் முடிய இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது. எங்கே சம்பளம் வருகிறதோ அங்கே இருப்பேன். பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்றதற்கு “வளர்ச்சிக்காக” என்றேன். உங்களுக்கே தெரியும். ஏ.சி.யை 18இல் வைத்திருந்தீர்கள். நான் நடுங்கியது பயத்தால் அல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பிஸ்கட் நமத்திருந்தது.’

எழுதிவிட்டீர்களா? மனம் லேசாகியிருக்கும். இப்போது இதை ஒவ்வொரு வரியாக அலுவலக மொழிக்கு மாற்றுங்கள். இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்தது, ‘தங்கள் நிறுவனத்தின் பணிச்சூழலை அருகிலிருந்து உணரக் கிடைத்த வாய்ப்பு’ ஆகிவிடும். ரெஸ்யூமேயைப் படிக்காத சார், ‘என் அனுபவத்தை விரிவாக அறிந்துகொள்ளக் காட்டிய ஆர்வம்’. ஸ்ட்ரிங் விவகாரம் ‘சிந்தனையைத் தூண்டிய தொழில்நுட்ப உரையாடல்’. வீட்டுக் கடனை ‘நீண்டகால ஈடுபாடு’ என்று எழுதலாம். அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. ஏ.சி.யையும் பிஸ்கட்டையும் சேர்த்து ‘அன்பான உபசரிப்பு’. இப்படி மாற்றி முடித்ததும் படித்துப் பாருங்கள். எந்த நிறுவனத்துக்கு, எந்த நேர்காணலுக்கு, எந்த மனிதர் எழுதியது என்று அடையாளமே தெரியாமல் வந்திருந்தால் கடிதம் தயார்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் இதை நாலு நொடியில் செய்துவிடுமே என்பீர்கள். செய்யும். 2022 நவம்பர் கடைசியில் அது வந்த நாளிலிருந்து எச்.ஆர். பெட்டியில் விழும் கடிதங்கள் எல்லாம் ஒரே ஆள் எழுதியதாகவே இருக்கின்றன. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பும் முதல் வரி, பரவசத்தில் திளைக்கும் இரண்டாம் வரி. அந்தப் பக்கத்திலும் கடிதத்தைச் சுருக்கிச் சொல்ல ஒரு இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். ‘வேட்பாளர் நன்றி தெரிவித்துள்ளார்’ என்று அது சொல்லும். நடுவில் மனிதத் தலையீடு எதுவும் இல்லாமல் நன்றி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடையாளத்துக்கு ஒரு எழுத்துப் பிழையை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். இன்றைக்கு மனிதர் எழுதியதற்கு அது ஒன்றுதான் சான்று.

உள்ளே தடுமாறிய கேள்விக்குச் சரியான விடையை ஒரு வரியில் கடிதத்தில் சேர்ப்பது நல்லது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே பயன்படும். ஒரு வரி. ஆனால் நம்மவர்கள் அந்த இடத்தில் பரீட்சை மனநிலைக்குப் போய்விடுகிறார்கள். அடிஷனல் ஷீட் வாங்குகிறார்கள். மூன்று பக்கக் குறிமுறை, வரைபடம், நூல் கட்டாத குறை. மார்க் போட அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உங்களை உள்ளே ரெஃபர் செய்த நண்பன் ஒருவன் இருப்பானே, அவனை மறக்காதீர்கள். மறக்க அவன் விடமாட்டான். நீங்கள் சேர்ந்தால் அவனுக்கு ரெஃபரல் போனஸ் வரும். “மெயில் போட்டியாடா?” என்று பெற்ற தாயைவிட அக்கறையாகக் கேட்டுக்கொண்டே இருப்பான். நன்றிக் கடிதத்தின் முதல் வாசகனும் கடைசி வரை பொறுமையாகப் படிக்கிறவனும் அவன்தான்.

அனுப்பியாகிவிட்டது. பதில் வராது. இது குறையல்ல, இந்த வகைக் கடிதத்தின் இலக்கணமே அப்படி. ஒரு வாரம் போனதும் ‘ஜென்டில் ரிமைண்டர்’ போடலாம். இரண்டாம் வாரத்தில் ‘எனி அப்டேட்?’ மூன்றாம் வாரத்தில் எச்.ஆர். போனை எடுத்து, “உங்க ப்ரொஃபைல் ஹோல்டுல இருக்கு, கிளையன்ட் சைட்ல பட்ஜெட் அப்ரூவல் வரணும்” என்பார். கண்ணுக்குத் தெரியாத அந்த கிளையன்ட்தான் நம் ஊரில் எத்தனையோ பேருக்கு வரன் அமையாமல் செய்பவர். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று சொன்ன நாட்களிலிருந்து நாம் இந்தப் பதிலுக்குப் பழகியவர்கள். பஜ்ஜி சொஜ்ஜி செலவு அப்போது நம்முடையது, இப்போது அவர்களுடையது. நமத்த பிஸ்கட்டானாலும்.

நிராகரிப்பு வந்தால் எழுத வேண்டிய கடிதத்துக்கு முன்மாதிரி புறநானூற்றில் இருக்கிறது. பெருஞ்சித்திரனார் பரிசில் கேட்டு அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போனார். அவன் நேரில் பார்க்காமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். பேனல் உட்காராமலே ஆஃபர் லெட்டர். புலவர் வாங்க மறுத்துவிட்டார். முகம் பார்க்காமல் கொடுப்பதை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்று பாடிவிட்டார், 208ஆம் பாட்டு. இன்னொரு தடவை வெளிமான் ஊரில், இளவெளிமான் கொஞ்சமாகக் கொடுத்தான். ஹைக் போதாது. அதை வாங்காமல் குமணனிடம் போய், யானை பரிசு பெற்று, அந்த யானையைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டிவிட்டு, ‘இது நான் உனக்குத் தரும் பரிசு’ என்று சொல்லிவிட்டுப் போனார். அது 162. தமிழில் இதற்கு மேல் ஒரு ஃபாலோ-அப் எழுதப்படவில்லை. இன்றைக்குச் சிறுசேரி சிப்காட் வாசலில் யானை கட்ட வனத்துறை அனுமதிக்காது. அதனால் வேறு கம்பெனியில் சேர்ந்ததும் லிங்க்ட்இன்னில் பூங்கொத்துப் படத்தோடு, ‘மகிழ்ச்சியுடன் பகிர்ந்துகொள்கிறேன்’ என்று கட்டுகிறார்கள். பழைய பேனலில் இருந்த செந்தில்குமார் அதற்கு லைக் போடுவார். அவருக்கு எந்த யானை என்று தெரியாது.

வேலை கிடைத்துவிட்டது என்றால் ஒரு வேடிக்கை நடக்கும். ஆஃபர் லெட்டர் வந்த நாளிலிருந்து, பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் ஓடும் தொண்ணூறு நாளும், கடிதம் எழுதும் கை மாறிவிடும். 2021, 2022இல் ஐ.டி.யில் ஆட்களுக்கு அடிதடி நடந்ததே, அப்போது நன்றாகத் தெரிந்தது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் தானே வெளியிட்ட கணக்குப்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் தாமாக வேலையை விட்டுப் போனவர்கள் 28.4 சதவீதம். ஆளாளுக்கு மூன்று ஆஃபர் கையில் வைத்திருந்தார்கள். எச்.ஆர். வாரம் ஒரு முறை போன் செய்து சுகம் விசாரித்தார். கோப்பையும் நோட்டுப் புத்தகமும் வைத்த பெட்டி கூரியரில் வந்தது. ‘எங்கள் குடும்பத்தில் உங்களை வரவேற்க ஆவலோடு காத்திருக்கிறோம்’ என்று கடிதம் வந்தது. படித்துப் பார்த்தால், நீங்கள் மூன்று மாதம் முன்பு எழுதிய நன்றிக் கடிதத்தின் அதே பரவசம், அதே ஆவல், அதே நடுக்கம். யாருக்குத் தேவையோ அவர் உருகுகிறார். ஜாயினிங் தேதியன்று அந்தப் பெட்டியை வாங்கியவர் வேறொரு கட்டடத்தில், வேறொரு கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எச்.ஆரின் ஜென்டில் ரிமைண்டருக்குப் பதில் போடவில்லை.

இப்போது மறுபடி காற்று மாறிவிட்டதால் நீங்கள் பதில் போட்டுவிடுவது நல்லது.

வேலை கிடைக்கவில்லை என்றால் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். டிராஃப்ட்டில் வைத்திருங்கள், அடுத்த வாரம் பெருங்குடியில் ஒரு வாக்-இன் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மூன்று இடங்களில் வரும். முதல் பத்தியில் ஒன்று, கடைசிப் பத்தியில் ஒன்று. இரண்டையும் எல்லோரும் மாற்றிவிடுகிறார்கள். மூன்றாவது சப்ஜெக்ட் வரியில் இருக்கிறது.